பொட்டு வைத்த இருபது கார்டுகள்

மாசாணத்தைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால், பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் பாலிடெக்னிக்கின் ஃபைலில் அவரைப் பற்றி நாலு வரி இருக்கிறது. முதல் வரியைத் தவிர மற்றதெல்லாம் பொய். அதை மறுத்து எழுத ஆள் வேண்டுமென்றால் நான் ஒருவன்தான் இருக்கிறேன், வேறு வழியில்லை. இங்கே 'அவர்' என்று மரியாதையாக எழுதுகிறேனே தவிர, அன்றைக்கெல்லாம் என் வாயில் வந்தது 'வா, போ'தான். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதே அவர் போன பிறகு ஃபைலைப் புரட்டியபோதுதான் தெரிந்தது.

நான் கிருபாசங்கர். பீளமேட்டைத் தாண்டி, மூடிக்கிடக்கும் ஒரு மில்லுக்குப் பக்கத்தில் இருக்கிற தனியார் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் வாத்தியார். காலேஜின் பெயர் வேண்டாம். அதை நடத்துகிறவர் தம்பிதுரை. எல்லோருக்கும் அவர் கரஸ்பாண்டெண்ட். எனக்கு அதோடு அம்மா வழியில் தூரத்து மாமா முறையும் ஆவார். எனக்கு அங்கே வேலை எப்படிக் கிடைத்தது என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

மாசாணம் வந்த வழி வேறு. தொண்டாமுத்தூரில் தம்பிதுரை குடும்பத்துத் தென்னந்தோப்பில் மாசாணத்தின் அப்பா ஆயுசு முழுக்கப் பண்ணையாளாக இருந்தவர். பையன் ஐ.டி.ஐ.யில் ரேடியோ மெக்கானிக் படித்து முடித்ததும், தோப்புக்கு வந்த முதலாளியிடம் கும்பிட்டுச் சொல்லியிருக்கிறார். 'சரி, காலேஜுக்கு வரச் சொல்லு' என்றாகிவிட்டது. 1989இல் லேப் அட்டெண்டர், தினக்கூலி. 1998இலும் லேப் அட்டெண்டர், தினக்கூலி. நடுவில் லேபுக்கு இருபது கம்ப்யூட்டர் வந்தது, பாடம் எடுக்கிறவர்கள் மூன்று பேர் மாறினார்கள். காலையில் அறையைக் கூட்டித் துடைத்துவிட்டு மதியம் மதர்போர்டைக் கழற்றி மாட்டுகிற அளவுக்கு மாசாணம் தேறியிருந்தார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததாக நான் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். அதுவும் பொய்தான்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பர்மனெண்ட் ஆக வேண்டும். எங்கள் டிரஸ்டுக்கு ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியும் உண்டு. பர்மனெண்ட் ஊழியர்களின் பிள்ளைகளுக்கு அங்கே ஃபீஸ் கிடையாது. அவருடைய மகள் யுவஸ்ரீ 1999 ஜூனில் ஒன்றாம் வகுப்பு சேர வேண்டியவள். "அப்பன் என்ன வேலைன்னு கேட்டா, லேப் அசிஸ்டெண்ட்னு எழுதோணுமுங்க சார்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். ஏதோ பெரிய ஆசையை வெளியே விட்டுவிட்டவராகக் கூச்சப்பட்டுக்கொண்டு உடனே பேச்சை மாற்றினார்.

1998 ஏப்ரலில் சென்னையிலிருந்து ஒரு வக்கீல் கடிதம் வந்தது. உங்கள் லேபில் இருக்கிற சாஃப்ட்வேர் எல்லாம் லைசென்ஸ் வாங்கியதா, ரசீது காட்டுங்கள் என்று கேட்டிருந்தார்கள். ரசீதுக்கு எங்கே போவது? இருபது மிஷினுக்கும் ஒரே திருட்டு சிடிதான். லைசென்ஸ் வாங்கினால் என்ன ஆகும் என்று விசாரித்த தம்பிதுரை, தொகையைக் கேட்டுவிட்டுக் கடிதத்தை மடித்து டிராயருக்குள் போட்டார்.

அப்போதுதான் மாசாணம் அவர் ரூமுக்குள் போனார். ஒன்பது வருஷத்தில் கூப்பிடாமல் அவர் அந்த ரூமுக்குள் போனது அன்றைக்கு மட்டும்தான். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, யாரும் யாருக்கும் கொடுக்கலாம், எத்தனை மிஷினில் வேண்டுமானாலும் போடலாம், எந்த வக்கீலும் கேட்க முடியாது என்று சொன்னார். ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியை நான்தான் குப்பையில் போட்டிருந்தேன். அதை எடுத்துத் துடைத்து, நாலு மாதமாகத் தனியாக உட்கார்ந்து பழகியிருக்கிறார். நானும் அந்த ரூமில்தான் இருந்தேன். எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் சொல்லியிருக்க வேண்டியதை இவன் வந்து சொல்கிறானே என்ற எரிச்சல்.

"நம்ம பழைய மிஷின்ல ஓடுமா?" என்றார் தம்பிதுரை.

"புதுசா ஒரு பெரிய மிஷின் மட்டும் வாங்கோணுமுங்க. எல்லாம் அதுல இருக்கும். பழைய இருபதையும் கேபிள் போட்டு அதோட சேத்துப்போட்டா, அது அத்தனையும் ஓடுமுங்க. மிஷினுக்கு ஒரு நெட்வொர்க் கார்டு மட்டும் போதும்."

தம்பிதுரைக்கு முகம் தெளிந்துவிட்டது. "நவம்பர்ல இன்ஸ்பெக்ஷன் வாரானுக. கூட அறுபது சீட்டு கேட்டிருக்கறோம். அதுக்குள்ள லேப் ஓடிப்போட்டா, உன்னைப் பர்மனெண்ட் பண்ணிப்போடறேன் கண்ணு" என்றார். நான் சாட்சி. மாசாணம் கும்பிட்ட கையை இறக்காமலே வெளியே வந்தார்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் அவர் செய்த வேலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. லினக்ஸில் ஒரு சங்கடம் உண்டு. கார்டு செய்தவன் விண்டோஸுக்கு மட்டும்தான் டிரைவர், அதாவது கார்டை ஓட வைக்கிற புரோகிராம், எழுதிக் கொடுப்பான். லினக்ஸுக்கு எங்கோ முகம் தெரியாத ஒருத்தர் உட்கார்ந்து, அந்தக் கார்டிலிருக்கும் சிப்பைப் புரிந்துகொண்டு, தானாக எழுதினால் உண்டு. அதனால் பெட்டி மேலே இருக்கிற பெயர் முக்கியமே இல்லை. உள்ளே இருக்கிற சிப்பு எது என்பதுதான் முக்கியம். கம்பெனிக்காரர்கள் பெட்டியையும் பெயரையும் மாற்றாமல் உள்ளே சிப்பை மட்டும் மாற்றிவிடுவார்கள். போன மாதம் வாங்கினது ஓடும், இந்த மாதம் வாங்கினது அதே பெயரில் ஓடாது.

மாசாணம் காந்திபுரத்தில் இன்டர்நெட் வைத்திருந்த ஒரு கடையில் காசு கொடுத்து, லினக்ஸில் ஓடுகிற கார்டுகளின் பட்டியலை அச்செடுத்து வந்தார். நூறு பக்கத்துக்கு மேல். அதைத் தைத்து, ஆகும், ஆகாது, சந்தேகம் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போனார். சனிக்கிழமை மதியங்களில் கடை கடையாக ஏறி இறங்கினார். அவர் குடியிருந்த லைன் வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் மில்லில் இருந்தவர். துணியில் இழை எண்ணுகிற மடக்குக் கண்ணாடி ஒன்றை அவரிடம் வாங்கி வைத்திருந்தார். கார்டை வெளியே எடுத்து, சிப்பு மேலே ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி, அந்தக் கண்ணாடியை வைத்து நம்பரைப் படிப்பார். பாதிக் கடைக்காரர்கள் துரத்திவிட்டார்கள். "வாங்கறதுனா வாங்குங்க, பொண்ணு பாக்கற மாதிரி பாக்காதீங்க" என்று ஒருத்தர் கேட்டதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

கடைசியில் ஒரு கார்டு சரியாக அமைந்தது. ஒன்றே ஒன்றைச் சொந்தக் காசில் வாங்கி வந்து, ஒரு பழைய மிஷினில் மாட்டிக் காட்டினார். ஹார்ட் டிஸ்க் செத்துப்போன மிஷின் அது. ஃப்ளாப்பியைச் செருகி சுவிட்சைப் போட்டதும், இன்னொரு மூலையில் இருந்த மிஷினிலிருந்து எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தது. மாணவர்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் ஒருவன் அவரை "சார்" என்று கூப்பிட்டான். அட்டெண்டரை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

வாங்க வேண்டிய சாமானுக்குக் கோரிக்கைத் தாள் எழுதி என்னிடம் கொடுத்தார். பர்ச்சேஸ் கமிட்டியில் நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். அழகான கையெழுத்து அவருக்கு. முதல் வரியில் கம்பெனி பெயர், இரண்டாவது வரியில் மாடல், மூன்றாவது வரியில் இப்படி: 'சிப்பு எண் இவ்வரியில் குறித்துள்ளதாக மட்டுமே இருக்க வேண்டும். பெட்டியைத் திறந்து, எண்ணைச் சரிபார்த்த பின்பே பெற்றுக்கொள்ள வேண்டும்.'

எங்கள் காலேஜில் ஒரு ஸ்டூல் வாங்கினாலும் அது வேலுமணி மூலமாகத்தான் வரும். வேலுமணி தம்பிதுரையின் மச்சினர். காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் கடையும் அவருக்கு உண்டு. அவரிடம் போய், பெட்டியைத் திறந்து பார்த்துத்தான் வாங்குவோம் என்று எழுத்தில் கொடுப்பதா? எங்கள் ஆட்களில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. சொந்தக்காரன் கடையில் துணி எடுத்தால் மடிப்பைக்கூடப் பிரித்துப் பார்க்க மாட்டோம். பார்த்தால் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும், ஒரு கல்யாணத்தில் அது பேச்சாக வரும். நான் சிவப்புப் பேனாவை எடுத்து மூன்றாவது வரியை அடித்தேன். பக்கத்தில் சுருக்கமாகக் கையெழுத்தும் போட்டேன். இரண்டு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. மரியாதை கெட்டுவிடக் கூடாது என்பது மட்டும்தான் என் மனதில் இருந்தது. அடித்ததை மாசாணத்திடம் சொல்லவும் இல்லை.

கார்டுகள் ஆயுத பூஜை அன்று காலையில்தான் வந்து சேர்ந்தன. வேலுமணியே காரில் கொண்டுவந்தார். காலேஜ் முழுக்க வாழைமரமும் மாவிலையும் கட்டியிருந்தார்கள். வொர்க்‌ஷாப்பில் லேத், டிரில்லிங் மிஷின் எல்லாவற்றுக்கும் பூசை முடித்து, தம்பிதுரை குடும்பத்தோடு லேபுக்கு வந்தார். ஒவ்வொரு வருஷமும் அந்த நேரத்தில் மாசாணம் அறையைக் கழுவிவிட்டுக் கதவுக்கு வெளியே நிற்பார். பொட்டு வைப்பது கரஸ்பாண்டெண்ட் வீட்டு அம்மணி. தேங்காய்ச் சில்லும் பொரியும் கடைசியாக வெளியே வரும்.

மாசாணம் வேலுமணியிடம் மெதுவாகக் கேட்டார். "ஏனுங்க, ஒரு கார்டு மட்டும் மாட்டிப் பாத்துப்போட்டு அப்பறம் பூசை வெச்சுக்கலாமுங்களா? பத்து நிமிசந்தானுங்க."

"ராகு காலம் வந்துருமுங்க மாசாணம். நீங்க எழுதிக் குடுத்த அதே கம்பெனி, அதே மாடல்தானுங்க. நம்ம காலேஜுக்கு நான் வேற ஒண்ணு குடுப்பனுங்களா?" என்றார் வேலுமணி. குரலில் ஒரு துளி கோபம் இல்லை. எங்கள் ஊரில் எதையும் அப்படித்தான் சொல்வோம்.

இருபது கார்டையும் பெட்டியிலிருந்து எடுத்து, வெள்ளைத் துணி விரித்த மேஜையில் வரிசையாக வைத்தார்கள். தம்பிதுரை சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். மனைவியிடம் கொடுக்கப் போனவர் நின்று, வாசல் பக்கம் திரும்பி, "மாசாணம், உள்ள வா. உன்ற மிஷின்தான, உன்ற கையாலயே பொட்டு வெச்சுடு கண்ணு" என்றார்.

மாசாணத்தின் அப்பா அந்தக் குடும்பத்து வீட்டுத் தாழ்வாரத்தைத் தாண்டி உள்ளே போனவர் இல்லை. தம்பிதுரைக்கு அன்றைக்கு நல்ல மனசு வந்திருந்தது, அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். மாசாணம் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கினார். முதல் கார்டின் தகட்டில் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தார். கொஞ்சம் நின்றார். பிறகு இரண்டாவது, மூன்றாவது என்று இருபதுக்கும் வைத்து முடித்தார். கற்பூரம் காட்டினார்கள்.

முதல் கார்டிலேயே ஏன் நின்றார் என்பதைப் பின்னால் ஒருநாள் சொன்னார். அவர் வாங்கிச் சோதித்த கார்டில் சிப்பு மேலே இருந்த ஸ்டிக்கர் பச்சை. இதில் நீலம். "பாத்துப்போட்டனுங்க சார். ஆனா எல்லாரும் நிக்கறாங்க, என்ற கையில சந்தனக் கிண்ணம் இருக்குது. நிறுத்தச் சொல்லி எப்படிங்க சொல்றது?"

மறுநாள் விஜயதசமி விடுமுறை. அதற்கடுத்த நாள் காலையில் முதல் கார்டை மாட்டினார். மிஷின் எழுந்தது, கார்டைத் தேடியது, எதுவும் இல்லை என்று நின்றுவிட்டது. ஸ்டிக்கரைச் சுரண்டிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். நம்பர் வேறு. பட்டியலில் ஆகும் என்பதிலும் இல்லை, ஆகாது என்பதிலும் இல்லை. அவ்வளவு புதுசு. சாயங்காலத்துக்குள் இருபதையும் மாட்டிக் கழற்றினார். இருபதும் அதேதான். அன்றைக்கு அவர் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை.

மாற்றிக் கேட்கலாம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு வேலுமணி கடைக்குப் போனார். வேலுமணி எங்கள் இருவருக்கும் காப்பி வரவழைத்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். கார்டைக் கையில் வாங்கித் தகட்டைப் பார்த்தார். சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது.

"ஏனுங்க மாசாணம், பூசை போட்டுப் பொட்டு வெச்ச சாமானுங்க இது. இதைத் திருப்பி வாங்கி நான் இன்னொருத்தருக்கு எப்படிங்க குடுக்கறது?"

"பொட்டைத் தொடச்சுப்போட்டா..." என்று மாசாணம் தொடங்கினார்.

"பொட்டை அழிக்கறதுங்களா?" வேலுமணிக்கு உண்மையாகவே முகம் வெளிறியது. "நல்ல நாளுல வெச்ச பொட்டை அழிக்கறதுனு வாயில சொல்லலாமுங்களா? உங்கூட்டுல நீங்க செய்வீங்களா? அதுவுமில்லாம ஆர்டர்ல என்ன இருக்குதோ அதைத்தானுங்க குடுத்தேன். பாருங்க, கம்பெனி, மாடல், ரெண்டு வரி. நம்பரெல்லாம் ஒண்ணும் இல்லீங்களே."

டைப் அடித்த ஆர்டரை மேஜை மேல் வைத்தார். மாசாணம் அதை இரண்டு தடவை படித்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தேன். என்னால் குடிக்க முடிந்தது என்பதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அவர் விடவில்லை. லினக்ஸில் நெட்வொர்க் டிரைவர் எழுதுகிற யாரோ ஒரு வெள்ளைக்காரருக்கு, இங்கிலீஷை அகராதி பார்த்துச் சரிபண்ணி, இன்டர்நெட் கடையிலிருந்து ஈமெயில் அனுப்பினார். பதில் வந்தது. சிப்பு செய்த கம்பெனி விவரம் தர மறுக்கிறது, இரண்டு பேர் முயற்சி செய்துகொண்டிருக்கிறார்கள், புது வருஷத்துக்குப் பிறகு எதிர்பார்க்கலாம் என்று மரியாதையாக எழுதியிருந்தார். இன்ஸ்பெக்ஷனுக்கு மூன்று வாரம் இருந்தது. வேறு இருபது கார்டு வாங்கித்தரும்படி தம்பிதுரையிடம் போய் நின்றார். "மச்சான் குடுத்தது ஆகலைனு சொல்லி இன்னொரு கடையில வாங்குனா, அவன் மூஞ்சில நான் எப்படி முழிக்கறது? இருக்கறத வெச்சு ஓட்டற வழியப் பாரு" என்று அனுப்பிவிட்டார்.

நவம்பரில் மூன்று அதிகாரிகள் வந்தார்கள். புதிய பெரிய மிஷின் ஓடியது. மாசாணம் சொந்தக் காசில் வாங்கிய அந்த ஒரு கார்டு இருந்த மிஷின் ஓடியது. வக்கீலுக்குப் பயந்து பழைய சாஃப்ட்வேரை அழித்துவிட்டிருந்ததால் மற்ற பத்தொன்பதும் கறுப்பாக நின்றன. அவர்களில் ஒருவர் ஒவ்வொன்றாக சுவிட்சைத் தட்டிப் பார்த்துக்கொண்டே போனார். கூடுதல் சீட்டு கிடையாது என்று அடுத்த வாரம் கடிதம் வந்தது.

விசாரணை என்று ஒன்று நடந்தது. தம்பிதுரை, வேலுமணி, நான், எதிரே நின்றுகொண்டு மாசாணம்.

"இந்தக் கார்டுதான் வேணும்னு சொன்னது ஆரு?"

"நானுங்க."

"சாமான் வந்தன்னைக்கு கையெழுத்துப் போட்டு எடுத்துக்கிட்டது ஆரு?"

"நானுங்க."

"பொட்டு வெச்சது ஆரு?"

மாசாணம் "நானுங்க" என்றார். பிறகு, "சிப்பு நம்பரத் தாள்ல எழுதியிருந்தனுங்க. தொறந்து பாத்து வாங்கோணும்னும் எழுதியிருந்தனுங்க" என்றார்.

"ஆர்டர்ல இல்லையே?"

"டைப் அடிக்கறப்ப உட்டுப்போயிருக்குமுங்க."

என் மேஜை டிராயரில் அந்தத் தாள் இருந்தது. எழுந்துபோய் எடுத்துவர முப்பது அடி தூரம். தம்பிதுரை என்னைப் பார்த்து, "ஏப்பா கிருபா, அப்படி ஏதாவது எழுதியிருந்தானா?" என்று கேட்டார். "ஞாபகம் இல்லீங்க மாமா" என்றேன். காலேஜுக்குள் நான் அவரை மாமா என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

மாசாணத்தை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கையில் கொடுத்த சர்வீஸ் சான்றிதழில் நாலு வரி. ஒன்பது ஆண்டுகள் தினக்கூலியாகப் பணிபுரிந்தார். தன் தகுதிக்கு மீறிய பொறுப்பை ஏற்று அஜாக்கிரதையாக நடந்துகொண்டார். நிறுவனத்துக்கு நஷ்டம் விளைவித்தார். நடத்தை திருப்தியில்லை. அதை டைப் அடிக்கும் முன் வாசகம் சரியா என்று என்னிடம்தான் காட்டினார்கள். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்தேன்.

லேபில் மறுபடியும் பழைய திருட்டு சிடியையே போட்டோம். லேப் அசிஸ்டெண்ட் என்று பர்மனெண்ட் போஸ்ட் ஒன்றை உண்டாக்கி, வேலுமணியின் அண்ணன் மகன் பிரவின்குமாரை அதில் உட்கார வைத்தார்கள். மார்ச்சில் வக்கீலிடமிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. இந்தத் தடவை தேதி குறித்திருந்தார்கள். நேரில் வந்து பார்ப்போம் என்று எழுதியிருந்தார்கள். அதே மாதம் வந்த பத்திரிகை சிடியில் புது லினக்ஸ் இருந்தது. அந்த நீல ஸ்டிக்கர் சிப்புக்கு டிரைவர் வந்துவிட்டதாக அதில் ஒரு வரி போட்டிருந்தது. பிரவின்குமாருக்கும் அதைச் சேர்க்கத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் முட்டிக்கொண்ட பிறகு தம்பிதுரை சொன்னார். "அந்த மாசாணத்தையே ஒரு நாளைக்கு வரச் சொல்லு. கூலி குடுத்துரலாம்."

நான்தான் போனேன். பீளமேட்டு லைன் வீட்டைக் காலி செய்துவிட்டுத் தொண்டாமுத்தூருக்கே போயிருந்தார்கள். ஒரு தேங்காய்க் களத்தில் கடப்பாறையை நட்டுவைத்து மட்டை உரித்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை இரண்டிலும் துணி சுற்றியிருந்தது. அவர் மனைவி பொன்னாத்தாள் உரித்த காயை அள்ளிக் குவித்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் கூடையைக் கீழே வைத்தார்.

"எதுக்குங்க வாரோணும்? மூணு மாசமா காலேஜ் காலேஜா ஏறி எறங்குனாரு. உங்க காயிதத்தப் பாத்துப்போட்டு வாசல்லயே திருப்பி அனுப்பறாங்க. இப்பத்தான் இந்த வேல பழகியிருக்குது. மறுக்காவும் கூப்புட்டு ஆசை காட்டாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மாசாணம் அதைக் காதில் வாங்காதவராக, "எந்த வெர்ஷன்ல வந்திருக்குதுங்க சார்?" என்று கேட்டார். நான் சொன்னேன். "சிடி கையில இருக்குதுங்களா?" என்றார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கைத்துணியை அவிழ்த்துவிட்டு, விளிம்பில் பிடித்து வாங்கி, பின்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "நாளைக்கு மொத பஸ்ஸுக்கு வாரனுங்க" என்றார். பொன்னாத்தாள் கூடையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

வந்தார். மூன்று மணி நேரம் ஆயிற்று. புது டிரைவரைச் சேர்த்து லினக்ஸின் உட்பகுதியைத் திரும்பக் கட்டி, அதை ஒவ்வொரு மிஷினுக்கும் ஃப்ளாப்பியில் எழுதி, வரிசையாகச் செருகிக்கொண்டே போனார். கட்டைவிரலில் வெட்டுக்காயம், அதனால் ஃப்ளாப்பியை ஆள்காட்டி விரலால் தள்ளினார். ஒவ்வொரு மிஷினாக எழுந்தது. இருபதாவதும் எழுந்தது. பிரவின்குமாருக்குப் புரியும்படி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் படிப்படியாக எழுதிக் கொடுத்தார். தம்பிதுரை வந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, ஓடுது" என்று சொல்லிவிட்டுப் போனார். மாசாணத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

கூலியை மாசாணம் வாங்கவில்லை. மாணவர்கள் எல்லோரும் போன பிறகு என் மேஜைக்கு எதிரே வந்து நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"சார், அந்த வேல வேணும்னு கேக்கலீங்க. அதுக்கு ஆளு போட்டாச்சு. அந்த சர்டிபிகேட்ல இருக்கற கடைசி மூணு வரிய மட்டும் எடுத்துப்போட்டு வேற ஒண்ணு குடுக்கச் சொல்லுங்க. ஒன்பது வருசம் வேல செஞ்சேன், அவ்வளவுதான் இருந்தாப் போதும். சிட்ரா பக்கம் ஒரு எடத்துல லினக்ஸ் தெரிஞ்ச ஆளு வேணும்ங்கறாங்க. பர்மனெண்ட். பதினஞ்சு நாள் டைம் குடுத்திருக்கறாங்க."

"மாமாகிட்ட நான் எப்படி மாசாணம்..." என்று இழுத்தேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "அந்த வரிய அடிச்சது ஆருன்னு எனக்கு வேலுமணி கடையிலயே தெரியுமுங்க சார். நான் தாளைக் குடுத்தது உங்க கையிலதானுங்களே. விசாரணையில நீங்களே சொல்லிப்போடுவீங்கன்னு இருந்தேன். அதான் டைப் அடிச்ச பொண்ணு மேல பழியப் போட்டு உங்களுக்கு எடம் உட்டனுங்க. அது தப்புங்க, அந்தப் பொண்ணு பாவம். இப்பவாச்சும் சொல்லுங்க சார். எனக்குப் பாப்பாவ நெனச்சாத்தானுங்க..." சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கும் கண் கலங்கிவிட்டது. பொய்யில்லை, நிஜமாகவே கலங்கியது. "நாளைக்குக் காலையில சொல்லிடறேன் மாசாணம்" என்றேன். நம்பிக் கும்பிட்டுவிட்டுப் போனார். தொண்டாமுத்தூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று வேகமாக நடந்தார்.

மறுநாள் காலையில் தம்பிதுரை ரூமுக்குப் போனேன். அவர் நல்ல மனநிலையில் இருந்தார். வக்கீல் கடிதத்துக்குப் பதில் எழுதச் சொன்னார், எழுதினேன். காப்பி வந்தது, குடித்தேன். வெளியே வந்தேன். பதினைந்து நாளும் ஒவ்வொரு நாளாகக் கழிந்தது. பத்தாம் நாள் மாசாணம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து காலேஜுக்குப் போன் செய்தார். நான் க்ளாஸில் இருப்பதாகச் சொல்லச் சொன்னேன்.

லினக்ஸில் லேபை ஓட வைத்ததற்காக அந்த ஜூனில் என்னை டிபார்ட்மெண்ட் ஹெட் ஆக்கினார்கள். வாங்கிக்கொண்டேன்.